ஜமீனுக்கு ஏற்ற வீடு

ஜமீன் மறுபடியும் செத்துப்போனான்.

இந்த முறை சாய்வு நாற்காலி. கால் நீட்டிக்கொள்ள முன்னால் வரும் பலகை மடங்கி உள்ளே போனபோது, அடியில் இருட்டில் படுத்திருந்தவன் அதில் மாட்டிக்கொண்டான். சுவர் முழுவதும் சிவப்பு பரவியது. கீழே எழுத்துகள் வந்தன: 'சாய்வு நாற்காலியின் மடிப்பு. மூன்றாம் ஆண்டு, கோடை.'

“சே!” சாருநேத்ரா கைப்பையைப் பக்கத்து மேசையில் வீசினாள்.

“வருத்தப்படாதீங்க மேடம். போன தடவ ரெண்டாவது வருசத்துலயே போயிட்டானுங்க. இப்ப மூணாவது வரைக்கும் வந்துட்டானே” என்றாள் நஸ்ரின். அவினாசி சாலையில் இருந்த 'மனைமகிழ்' அறைகலன் கடையில் அவள்தான் இவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பணியாளர். ஆறுதல் சொல்வதும் அவள் வேலையில் ஒரு பகுதி என்று சாருவுக்குத் தெரியும். அதனாலேயே எரிச்சல் கூடியது.

“பூனைக்கு ஆகாத நாற்காலின்னா அத ஏம்மா கடையில வெச்சிருக்கீங்க?”

“பூனை இல்லாதவங்களும் வருவாங்கல்லங்க மேடம்.”

உண்மையான ஜமீன் அந்த நேரத்தில் சரவணம்பட்டியில் பன்னிரண்டாவது மாடி வீட்டின் வெறும் தரையில் நான்கு காலையும் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு வயது. செம்பட்டை நிறம். வேலைக்காரர்கள் நிறைந்த அரண்மனையில் பிறந்தவன்போல யாரையும் நிமிர்ந்து பார்க்காத நடை. அதனால்தான் அந்தப் பெயர்.

வீட்டில் வளர்ப்புப் பிராணி இருந்தால், முன்வாழ்வி பச்சை காட்டாமல் எந்தக் கடையும் ஒரு முக்காலிகூட விற்கக் கூடாது என்று சட்டம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. முன்வாழ்வி என்பது ஒரு வீட்டை முன்கூட்டியே வாழ்ந்து பார்த்துவிடும் இயந்திரம். வீட்டின் வரைபடத்தையும், பிராணியின் கழுத்துணரி சேர்த்து வைத்த அதன் பழக்கங்களையும், வீட்டில் இருப்பவர்களின் கையுணரியில் பதிவான அன்றாட நடமாட்டத்தையும் அதற்குக் கொடுக்க வேண்டும். பிறகு வேண்டிய சோபா, மேசை, திரைச்சீலை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து உள்ளே வைத்தால், அந்த வீட்டின் பதினைந்து ஆண்டுகளைச் சில நிமிடங்களில் ஓட்டிக் காட்டும். கூரையைப் பெயர்த்தெடுத்த பொம்மை வீடுபோலச் சுவரில் எல்லா அறைகளும் தெரியும். உள்ளே சின்னஞ்சிறு பூனை ஓடும், தாவும், தூங்கும். பதினைந்து ஆண்டும் உயிரோடு இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

சாருவுக்குச் சிவப்பு பழகிவிட்டது. சணல் நெசவு சோபாவின் இழையைப் பிய்த்துப் பிய்த்துத் தின்று குடல் அடைத்துச் செத்தான். சன்னல் மறைப்பை ஏற்றி இறக்கும் கயிற்றில் கழுத்து மாட்டிச் செத்தான். வரவேற்பறை மூலைக்கு அவள் ஆசைப்பட்ட லில்லிச் செடியின் மகரந்தத்தை நக்கி, சிறுநீரகம் கெட்டுச் செத்தான். சுவரில் ஆணி அடிக்காமல் நிறுத்திய உயரமான புத்தக அடுக்கு அவன் ஏறியதும் அவனோடு சாய்ந்தது. கண்ணாடி மேசையைப் பற்றி அவள் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை.

இதற்கிடையில் நிஜ வீட்டில் ஒன்றுமில்லை. குடிவந்தபோது கையில் கொண்டுவந்த ஒரு மெத்தையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான். பேசினால் எதிரொலித்தது. மேசை இல்லாததால் சாருவின் கணவன் பிரகதீஷ் சமையல் திட்டில் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிட்டுப் பழகிவிட்டான். பீளமேட்டில் பம்ப் வடிவமைக்கும் நிறுவனத்தில் அவனுக்கு வேலை. சாரு கல்லூரியில் வேதியியல் கற்பித்தாள். வகுப்பு முடிந்ததும் நேரே கடைக்கு வந்துவிடுவாள்.

அன்று நாற்காலியை எடுத்துவிட்டு ஓட்டினாள். சிவப்பு. கம்பளத்தை மாற்றினாள். சிவப்பு. கைப்பேசியில் பிரகதீஷை அழைத்தாள்.

“இன்னும் முடியலையா சாரு?”

“நீ வந்து பாரு, அப்ப தெரியும். இங்க நான் பூனைய சாகடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“ஏதாவது ஒண்ண ஓகே பண்ணிட்டு வா. எனக்கு முதுகு வலிக்குது. ஒரு சோபா இருந்தாப் போதும்.”

“நானா வேணாங்குறேன்? சுவருகிட்ட போயிச் சொல்லு!”

இணைப்பைத் துண்டித்துவிட்டு, கோபத்தில் அழகு பார்ப்பதை விட்டாள். நகம் இறங்காத இறுக்கமான நெசவில் சாம்பல் நிற சோபா. முனை இல்லாத வட்டமான தாழ்ந்த மேசை. கயிறில்லாத மறைப்பு. பால்கனிக்கு உறுதியான வலை. அடியில் பூனை நுழைய முடியாதபடி தரையோடு ஒட்டிய கட்டில். செடி கிடையாது, கம்பளம் கிடையாது, வாசனை எண்ணெய் விளக்கு கிடையாது.

ஓடியது. இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, ஐந்து, எட்டு. ஜமீன் கொழுத்தான், மெலிந்தான், தாவுவதைக் குறைத்தான், வெயில் விழும் இடத்திலேயே கிடந்தான். சுவர் பச்சையானது.

“வாழ்த்துகள் மேடம்!” நஸ்ரின் நிஜமாகவே கைதட்டினாள். “வழக்கப்படி கடைசி வருசத்த மெதுவா ஓட்டிக் காட்டுவோம். பாத்துட்டு உறுதி பண்ணிருங்க.”

கிழட்டு ஜமீன் சோபாவின் கைப்பிடியில் தூங்கிக்கொண்டிருந்தான். வேளை தவறாமல் ஒரு சாம்பலுரு வந்து கிண்ணத்தில் உணவு வைத்தது.

மனிதர்களை முன்வாழ்வி அப்படித்தான் காட்டும். முகம் கிடையாது, ஆணா பெண்ணா என்ற அடையாளம் கிடையாது, எல்லா உருவும் ஒரே உயரம். ஆரம்பத்தில் சிலர் தங்கள் எதிர்காலத்தைப் பார்த்து மனம் உடைந்துபோனதால் சட்டம் அப்படி ஆக்கியிருந்தது. இத்தனை நாளும் சாரு பூனையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால் சாம்பலுருக்களைக் கவனித்ததே இல்லை.

“நஸ்ரின், இன்னொண்ணு எங்க?”

“எதுங்க மேடம்?”

“ரெண்டு பேரு இருக்கணும்ல? ஒண்ணுதான் இருக்கு.”

நஸ்ரின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. “வெளிய போயிருப்பாங்க மேடம்.”

சாரு ஆண்டுகளை நகர்த்தும் ஓட்டியைத் தானே எடுத்துப் பின்னால் தள்ளினாள். பதினான்காம் ஆண்டு, ஒன்று. பத்தாம் ஆண்டு, ஒன்று. ஏழாம் ஆண்டு, ஒன்று. நான்காம் ஆண்டு மழைக்காலத்தில் வட்ட மேசையைச் சுற்றி இரண்டு உருக்கள் இருந்தன. அந்த மழை முடியும்போது ஒன்றுதான் இருந்தது. அதன் பிறகு எப்போதும் ஒன்றுதான்.

“என்ன ஆச்சு அங்க? என்ன காரணம்னு போடு.”

“பூனைக்கு மட்டுந்தாங்க காரணம் வரும். மனுசங்களப் பத்தி நாங்க எதுவும் கேக்கவும் முடியாது, சொல்லவும் கூடாது. நீங்களே சம்மதம் குடுத்திருக்கீங்க மேடம்.” குரலைத் தாழ்த்தினாள். “உறுதி பண்ணிரட்டுங்களா?”

“வேண்டாம். அப்படியே வெச்சிரு. நாளைக்கு வர்றேன்.”

வீட்டுக்கு வந்தபோது பிரகதீஷ் சமையல் திட்டில் சாய்ந்து நின்று தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாரு அவனையே பார்த்தாள். இறந்துபோவானா? விட்டுவிட்டுப் போவானா? இரண்டில் எதைப் பற்றியும் இதுவரை அவள் யோசித்ததில்லை.

“என்னடி அப்படிப் பாக்கற? முடிஞ்சுதா?”

“இல்ல. சிவப்புதான்” என்றாள். திருமணமான பிறகு அவனிடம் அவள் சொன்ன பெரிய பொய் அதுவாகத்தான் இருக்கும். அடுத்த வாரமே அவனை முழு உடல் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். எல்லாம் சரியாக இருந்தது. அது அவளுக்கு இன்னும் மோசமாகப் பட்டது.

அதற்குப் பிறகு அவள் கடைக்குப் போனது பூனைக்காக இல்லை. சோபாவை மாற்றினாள், கட்டிலை மாற்றினாள், ஓட்டினாள், சாம்பலுருக்களை மட்டும் எண்ணினாள். அகலமான கட்டில் போட்டால் இரண்டாவது உரு ஆறாம் ஆண்டு வரை தாங்கியது. ஆனால் ஜமீன் அதன் அடியில் மாட்டிச் செத்தான். சாப்பாட்டு மேசையைப் பெரிதாக்கினால் ஒரு ஆண்டு கூடியது. தொலைக்காட்சிச் சுவரை எடுத்துவிட்டு எதிரெதிரே இரண்டு இருக்கைகள் போட்டபோது எட்டாம் ஆண்டு வரை இரண்டு பேர் இருந்தார்கள். அன்று அவள் ஆசையோடு அதைச் சேமித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வந்து பார்த்தால் எதிரெதிர் இருக்கைகளைக் காணோம். அந்த இடத்தில் ஒரு மூன்று பேர் சோபா இருந்தது.

“யாரு இத மாத்தினது?”

“தெரியலைங்க மேடம். உங்க கணக்குலதான் மாறியிருக்கு.”

மறுபடி இருக்கைகளை வைத்தாள். அடுத்த நாள் குளியலறையில் வழுக்காத தளமும், படுக்கையறையில் கைப்பிடிக் கம்பியும் முளைத்திருந்தன. அதற்கடுத்த நாள் சமையலறை முழுவதும் இடம் மாறியிருந்தது. அவள் செய்த ஒவ்வொன்றையும் யாரோ கலைத்துக்கொண்டிருந்தார்கள். தலைமையகத்துக்குப் புகார் அனுப்பினாள். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. கடை மேலாளரிடம் கத்தினாள். அவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

“எனக்குத் தண்ணி வேண்டாம் சார். நான் என்ன பைத்தியமா? நேத்து நான் வெச்சது இன்னிக்கு இல்ல. பூனை பொழைச்சா ஆளு இல்ல, ஆளு இருந்தா பூனை இல்ல. ரெண்டும் வர்ற மாதிரி கொஞ்சம் பக்கத்துல கொண்டுவந்தா, உங்க மெசின் அதையும் கலைச்சுப் போடுது.”

அழக் கூடாது என்று நினைத்தாள். அழுதுவிட்டாள். நஸ்ரினால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மேலாளர் நகர்ந்ததும் அருகில் வந்தாள்.

“மேடம், நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. மத்தியானத்துல சார் வர்றாருங்க.”

“எந்த சார்?”

“உங்க சார்தாங்க.”

மறுநாள் சாரு கல்லூரிக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மதியமே கடைக்குப் போனாள். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. பிரகதீஷ் சுவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பொம்மை வீட்டின் குளியலறையை மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டை பின்பக்கம் வியர்வையில் நனைந்திருந்தது.

“உனக்கு முதுகு வலின்னு சொன்ன?”

திடுக்கிட்டுத் திரும்பினான். எழுந்து நின்றான்.

“நான் மாத்தறதையெல்லாம் நீதான் கலைக்கறியா பிரகா?”

“நீ மாத்தறியா? மெசின் தானா மாத்துதுன்னு நெனச்சு நான் நஸ்ரின்கிட்ட சண்டை போட்டுட்டு இருக்கேன்.”

“எதுக்கு வர்ற நீ?”

அவன் சுவரைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “நீ சிவப்புதான்னு சொன்ன அன்னிக்கு மறுநாள் என்னதான் கஷ்டம்னு பாக்கலாம்னு வந்தேன். நீ வெச்சிட்டுப் போனது பச்சையா இருந்துச்சு. கடைசி வருசத்த ஓட்டிக் காட்டுனாங்க.” கையை நீட்டித் தனியாக நின்ற சாம்பலுருவைக் காட்டினான். “நீ இல்ல சாரு. நீ அங்க இல்ல. குளியலறையில வழுக்கி விழுந்திருப்பியோன்னு தளத்த மாத்தினேன். அடுப்பா இருக்குமோன்னு அத மாத்தினேன். ஒண்ணும் தெரியல.”

“நான் இல்லையா? பிரகா, இல்லாம போறது நீ. மிஞ்சி இருக்கறது நான்.”

“இல்ல. அது நான். நல்லாப் பாரு, திட்டுல தட்ட வெச்சு நின்னுக்கிட்டே சாப்பிடுது.”

“சாப்பிட்டு முடிச்சு எங்க போயி உக்காருது பாரு. சோபா இருந்தும் தரையில உக்காந்து சாயுது. பூனைய மடியில போட்டுக்குது. நான்தான் அப்படி உக்காருவேன்.”

இருவரும் பார்த்தார்கள். சாம்பலுரு நின்றபடி சாப்பிட்டது. பிறகு தரையில் உட்கார்ந்து சோபாவில் சாய்ந்தது. பூனை வந்து மடியில் படுத்தது. அவர்களில் யார் என்று சொல்ல முடியவில்லை. இத்தனை வாரங்களாக இருவரும் அந்த உருவத்தில் தங்களைத்தான் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேரும் தான் தனியாகிவிட்டதாக நினைத்துத்தான் பயந்திருக்கிறார்கள்.

பிரகதீஷ் அவள் கையைப் பிடித்தான். கடையில் வைத்து அப்படிச் செய்கிறவன் இல்லை.

“கடைசியா ஒரு தடவ ஓட்டுவோம். ரெண்டு பேரும் சேந்து வெப்போம். எதுவா இருந்தாலும் பாத்துட்டுக் கெளம்பிருவோம்.”

நஸ்ரினை அழைத்தார்கள். அவள் இருவரையும் ஒன்றாகப் பார்த்துக் கொஞ்சம் பயந்தாள். ஒருவரோடு ஒருவர் வாதாடிக்கொண்டே வைத்தார்கள். சாம்பல் நிற சோபா, வட்ட மேசை, எதிரெதிர் இருக்கைகள், வழுக்காத தளம், அவள் கேட்ட சாப்பாட்டு மேசை, அவன் கேட்ட சமையலறை. இருவரும் வீட்டில் இல்லாத வேளைக்குத் தானாக உணவு வைக்கும் தானூட்டியும் சேர்த்துக்கொண்டார்கள்.

“பழக்கப் பதிவெல்லாம் பழசா இருக்குங்க. கையுணரியப் புதுப்பிச்சுட்டு ஓட்டட்டுங்களா?” என்று நஸ்ரின் கேட்டாள்.

“ஓட்டு” என்றார்கள்.

சுவர் விழித்தது. ஜமீன் ஓடினான், தாவினான், தூங்கினான். ஆண்டுகள் நகர்ந்தன. எங்கும் சிவப்பு எட்டிப் பார்க்கவில்லை. பதினைந்தாம் ஆண்டு முடிந்து பச்சை ஒளிர்ந்தது. அதைச் சுற்றி இதுவரை அவர்கள் பார்த்திராத தங்க நிற விளிம்பு ஒன்றும் எழுந்தது. வெளியே எங்கோ இனிமையாக மணி அடித்தது.

சாரு அதைப் பார்க்கவில்லை. சாம்பலுருக்களைத் தேடிக்கொண்டிருந்தாள். கடைசி ஆண்டில் ஒன்றுமில்லை. பின்னால் தள்ளினாள். பத்தாம் ஆண்டில் ஒன்றுமில்லை. ஐந்தாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு. முதல் ஆண்டில்கூட மாலை முழுவதும் வீடு காலியாக இருந்தது. இரவில் இரண்டு உருக்கள் வந்து கட்டிலில் விழுந்து, விடிந்ததும் எழுந்து போயின. போகப் போக அவை வருவதும் நின்றது. எதிரெதிர் இருக்கைகளில் யாரும் உட்காரவே இல்லை. ஒன்றில் ஜமீன் படுத்திருந்தான். தானூட்டி மட்டும் வேளாவேளைக்குத் திறந்து மூடியது.

“ரெண்டு பேருமா?” என்றான் பிரகதீஷ்.

நஸ்ரின் சுவரையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “இது... சொல்லக் கூடாது. ஆனா இது நீங்க நெனைக்கற மாதிரி இல்லைன்னு தோணுதுங்க. போன சில வாரமா கையுணரியில என்ன பதிஞ்சிருக்கும்? மத்தியானம் சார் இங்க இருந்தீங்க. சாயந்திரம் பூரா மேடம் இங்க இருந்தீங்க. வேலைய பாதியில விட்டுட்டு வந்ததுக்கு ஈடா சார் ராத்திரி வரைக்கும் ஆபீஸ்ல இருந்திருப்பீங்க. வீட்ல யாருமே இல்ல. மெசின் அதத்தான் உங்க வழக்கம்னு எடுத்து முன்னால நீட்டியிருக்கு.”

“அப்ப முன்னாடி ஒண்ணு காணாம போனது?” என்று சாரு கேட்டாள்.

“அது எனக்குத் தெரியாதுங்க மேடம். அல்லா மேல ஆணையா தெரியாது.”

கதவைத் தட்டிக்கொண்டு மேலாளர் உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“சார், மேடம், பாத்தீங்களா? தங்க விளிம்பு! ஆபத்துக்கான வாய்ப்பே சுத்தமா இல்லாத வீடு. கதவு இடுக்குல வால் மாட்டல, யாரும் மிதிக்கல, யாரும் எதையும் கீழ போடல. நம்ம ஊர்லயே இதான் முதல். சட்டப்படி இனி எல்லாருக்கும் காட்டற 'மாதிரி வீடு' இதுதான். உங்க பேரு போட மாட்டோம், கவலைப்படாதீங்க.”

“சார், அந்த வீட்ல ஆளே இல்லைங்க” என்றாள் சாரு.

“அதாங்க மேடம், ரொம்ப அமைதியா இருக்கு.”

மணிச் சத்தம் கேட்டுப் பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அழுது வீங்கிய கண்களோடு நின்ற ஒரு அம்மா சுவரையே பார்த்தார். கூட வந்த கணவர் கையில் குளிர்பானத்தை வைத்துக்கொண்டு களைத்துப்போய் நின்றார்.

“எங்களுக்கும் இதையே போட்ருங்க. ரெண்டு மாசமா அலையறோம்” என்றார் அந்த அம்மா.

சாரு அவர் தோளைத் தொட்டாள். “அக்கா, ஒரு நிமிசம். உள்ள பாருங்க. மனுசங்க ஒருத்தரும் இல்ல.”

அந்த அம்மா ஒருகணம் சாருவைப் பார்த்தார். பிறகு சுவரில் இருக்கைமேல் சுருண்டு கிடந்த பூனையைப் பார்த்தார். “அதுக்கென்னங்க? பூனை நல்லாயிருக்குல்ல?”

அவர்கள் எதையும் உறுதி செய்யாமல் வெளியே வந்தார்கள். நஸ்ரின் வாசல்வரை வந்து “மறுபடி வாங்க” என்றாள். வழக்கமாகச் சொல்லும் சொல் அது. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சுங்கம் சந்திப்பு அருகே சாலையோரத்தில் பிரம்பு நாற்காலிகள் குவித்து விற்றுக்கொண்டிருந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள்.

“வீட்ல நாய், பூனை ஏதாச்சும் இருக்குங்களா?” என்று கேட்டார் விற்பவர். கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டதுபோல இருந்தது.

“இல்லைங்க” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

இரண்டு நாற்காலிகள் வாங்கி, வண்டியின் பின்னால் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஜமீன் சுற்றி வந்து முகர்ந்தான். பிறகு பின்னங்காலில் நின்று ஒன்றின் காலில் நகத்தைப் போட்டு இழுத்தான். பிரம்பு பட்டையாகக் கிழிந்தது. இருவரும் அவனைத் தடுக்கவில்லை. ஆனால் கிழிந்த நாரை அவன் வாயில் வைக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அன்றிலிருந்து மாலையில் ஒருவராவது வீட்டில் இருந்தார்கள். பெரும்பாலும் இருவரும் இருந்தார்கள். சண்டையும் போட்டார்கள். நான்காம் ஆண்டு மழை என்ற நினைப்பு சாருவுக்கு அடிக்கடி வந்தது. பிரகதீஷுக்கும் வந்திருக்கும். இருவரும் அதைப் பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, நாற்காலிகளைப் பால்கனிப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களே வாங்கிக் கட்டிய வலைக்கு அப்பால் எதிர்க் குடியிருப்பின் சன்னல்களில் விளக்குகள் தானாக எரியத் தொடங்கின. சாரு முதலில் ஒரு சன்னலைக் கவனித்தாள். சாம்பல் நிற சோபா, வட்டமான தாழ்ந்த மேசை, எதிரெதிரே இரண்டு இருக்கைகள். மேல்மாடி சன்னலிலும் அதே சோபா, அதே மேசை. அதற்குப் பக்கத்திலும். ஒரு இருக்கையில் கறுப்புப் பூனை, இன்னொன்றில் வெள்ளை, மற்றொன்றில் குட்டியோடு ஒரு வரிப்பூனை. எல்லாம் சுகமாகப் படுத்திருந்தன. எந்த சன்னலிலும் மனிதர்களைக் காணவில்லை.

“எல்லாரும் எங்க பிரகா?”

அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடையிலிருந்து எல்லா வாடிக்கையாளர்களுக்கும் வந்திருந்த செய்தியை அவளிடம் காட்டினான். மாதிரி வீட்டைவிட இன்னும் பாதுகாப்பான வீடு சாத்தியம்; தினமும் மாலை வந்து ஓட்டிப் பாருங்கள் என்று இருந்தது.

“கடையிலதான் இருப்பாங்க” என்றான்.